இருண்ட திரையும் வீட்டுக் கணினியும்

மழைக்காலம் பிறந்தபின் நமக்கு வந்த மடல்களுள் மூன்று ஒரே குறையைக் கூறுகின்றன. கணினிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, ஆயின் திரையில் ஓர் எழுத்தும் தோன்றவில்லை என்பதே அது. அவற்றுள் ஒரு மடல் நம்மை வருந்தச் செய்தது. கடைக்காரர் பெட்டியைத் திறந்தும் பாராது, “மதர்போர்டு போயிற்று, பழையதைத் தந்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றாராம். அப்பெட்டிக்குள் ஊரிலுள்ள நிலத்தின் பட்டாப் படிகளும், காலஞ்சென்ற தாயாரின் குரற்பதிவும் உள்ளன என்று அன்பர் எழுதுகிறார். அன்பர் சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

திரை இருண்டது வேறு. உள்ளே சேமித்தவை அழிந்தது வேறு. கைகாட்டியின் விளக்கு அணைந்திருந்தால், வண்டி கவிழ்ந்தது என்று நிலையத்தில் எவரும் கொள்வதில்லை. நம் ஆவணங்கள் வன்தட்டில் இருக்கின்றன. திரை இருளுவதற்குரிய காரணங்களோ பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளவை.

முதலில் மானிட்டரைச் சோதித்தல் வேண்டும். பெட்டிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் இயக்குக. “நோ சிக்னல்” என்றோ அதுபோன்ற வேறொரு குறிப்போ தோன்றினால் மானிட்டர் நலமே. அதன் பின்னர், கம்பி எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்று காண்க. தனியே கிராபிக்ஸ் அட்டை பொருத்திய பெட்டிகளில், கம்பியை அவ்வட்டையின் துளையிலேயே செருக வேண்டும். மேலே மதர்போர்டில் உள்ள துளையில் அன்று. வீட்டைத் துடைக்கப் பெட்டியை நகர்த்தியவர் கம்பியை மாற்றிச் செருகிவிடுவது எங்கும் நடப்பதே. அதற்காக வீட்டாரைக் கடிந்துகொள்ளற்க.

மானிட்டரும் கம்பியும் செவ்வனே இருப்பின், அடுத்து ஐயுற வேண்டியது ‘ரேம்’ எனப்படும் நினைவகப் பலகை. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக் காற்றுள்ள ஊர்களில் ஈரமும் தூசியும் சேர்ந்து அதன் பொன்னிற விளிம்பில் படிகின்றன. இணைப்பு நலிகிறது, கணினி தன் முதற் சோதனையிலேயே நின்றுவிடுகிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. பிள்ளைகளின் பென்சில் ரப்பர் ஒன்று போதும். மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுக. பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். இரு ஓரத்துத் தாழ்களையும் விலக்கிப் பலகையை எடுத்து, பொன்னிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை உலர்ந்த துணியால் துடைத்து, தாழ் ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துக. இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தால், பழுது எதனிடம் என்பது விளங்கும். புதிதாக ‘டி.டி.ஆர். 5’ வகை பொருத்தியவர்கள் மட்டும், முதன்முறை சில நிமிடங்கள் திரை இருண்டிருப்பது கண்டு அஞ்ச வேண்டா. பலகையின் இயல்பைக் கணினி அளந்தறியும் நேரம் அது.

பெட்டி ‘பீப்’ என ஒலித்தால் எத்தனை முறை என்று எண்ணிக்கொள்க. அதன் பொருள் மதர்போர்டு செய்தவருக்கேற்ப மாறும். உடன் வந்த சிறு நூலில் விடை இருக்கும். இன்றைய மதர்போர்டுகள் பலவற்றில் ஒலிக்குப் பதில் நான்கு சிறு விளக்குகள் உள்ளன. எது அணையாது நிற்கிறதோ அதன் அருகிலுள்ள எழுத்தே குறையிருக்கும் இடத்தைச் சொல்லும்.

‘சி.ஆர். 2032’ என்னும் 3 வோல்ட் நாணய மின்கலத்தைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்துப் பொருத்தினால், பழைய அமைப்புகள் நீங்கிச் சில பெட்டிகள் உயிர்பெறும். ஆயின் ஒரு எச்சரிக்கை. விண்டோசில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இயங்குமாயின், அதன்பின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்கக்கூடும். அவ்வெண் இன்றேல் ஆவணங்களைத் திறத்தல் இயலாது. கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே அதைத் தாளில் எழுதி, குடும்ப அட்டையோடு வைத்தல் நன்று.

‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்னும் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எவரும் திறக்கலாகாது. கம்பியைக் கழற்றிய பின்னரும் உயிரை வாங்கும் மின்சாரம் அதனுள் தங்கியிருக்கும்.

இவற்றுக்குப் பின்னும் திரை இருண்டே இருந்தால் கடைக்குச் செல்லத்தான் வேண்டும். மதர்போர்டு பழுதாவதும் உண்டு. அப்போதும் வன்தட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு எஞ்சிய பெட்டியை மட்டும் கொண்டு செல்க. தட்டை யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டு வேறொரு கணினியில் இணைத்தால், பட்டாவும் குரற்பதிவும் கைக்கு வந்துவிடும். பழைய பெட்டியை மாற்றாகத் தருவோரும் தட்டைத் தராதிருப்பதே முறை.

நிறுவனத்தின் சின்னம் தோன்றியபின் திரை இருளுகிறது என்று மற்றோர் அன்பர் எழுதியுள்ளார். அது வேறு குறை. அடுத்த திங்கள் அதனை எடுத்துக்கொள்வோம்.