உயரம் அல்ல, வேகமே சாதனை

1961 டிசம்பரில் இலங்கைக்கு வந்த யூரி ககாரின், பேராதனைத் தாவரவியல் பூங்காவில் ஒரு மரம் நட்டார். அவர் விண்வெளிக்குப் போய்வந்து அப்போது எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஏப்ரல் 12இல் நடந்த அந்தப் பயணத்தில் அவர் எட்டிய அதியுயரம் 327 கிலோமீற்றர். கண்டியிலிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் வர 321 கிலோமீற்றர். பஸ்ஸில் ஒரு பகலில் கடக்கும் தூரத்தை உலகம் ஏன் அப்படிக் கொண்டாடியது?

விண்வெளியைத் தொட்டதே கணக்கென்றால், அடுத்த மாதமே விண்வெளிக்குப் போன அமெரிக்கர் அலன் ஷெப்பர்டும் அவருக்குச் சமம். ஷெப்பர்ட் 187 கிலோமீற்றர் ஏறி, 15 நிமிடத்தில் அத்திலாந்திக் கடலில் இறங்கினார். அவருடைய கலத்தின் வேகம் மணிக்குச் சுமார் 8,300 கிலோமீற்றர். ககாரினுடையதோ 27,000க்கும் அதிகம். வேகம் மூன்று மடங்கானால் தேவைப்படும் இயக்கசக்தி ஒன்பது மடங்காகும். அமெரிக்கர் ஒருவர் ககாரினைப் போலப் பூமியைச் சுற்றிவர 1962 பெப்ரவரிவரை காத்திருக்க வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

அந்த வேகம் எதற்கு? கிடையாக எறிந்த கல் முதல் ஒரு செக்கனில் ஏறத்தாழ ஐந்து மீற்றர் கீழே விழும். பூமியின் மேற்பரப்போ எட்டுக் கிலோமீற்றருக்கு ஐந்து மீற்றர் வளைகிறது. ஆகவே, செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடும் பொருள் விழுந்துகொண்டே இருந்தாலும் தரையைத் தொடாது. அந்த வேகத்தில் பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. ககாரின் எட்டிய உயரத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. கலமும் அதற்குள் இருப்பவரும் ஒன்றாக விழுவதால் எடை உணரப்படுவதில்லை.

பக்கத்திலேயே இன்னொரு சான்று உண்டு. 1963 நவம்பர் 21இல் கேரளத்துத் தும்பாவிலிருந்து எழுந்த ரொக்கெட் சுமார் 200 கிலோமீற்றர் உயர்ந்தது. ஆனால், இந்தியா தன் சொந்த ரொக்கெட்டில் ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் விட்டது 1980 ஜூலை 18இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டு உழைப்பில் பெரும்பங்கு வேகத்துக்கான விலை.

இன்று பணம் கொடுத்துச் சில நிமிடங்கள் விண்வெளியைத் தொட்டு வருபவர்களும், மாதக்கணக்கில் பூமியைச் சுற்றுபவர்களும் செய்திகளில் ஒரே பெயரால் அழைக்கப்படுகிறார்கள். விண்வெளிக்குப் போனார்களா என்று கேட்டால் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். பூமியைச் சுற்றினார்களா என்று கேட்டால் வேறுபாடு தெளிவாகிவிடும்.