எலிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?



முதலில் என் தப்பை ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் கம்ப்யூட்டர் லேபில் என் தோழி, பாலாறு பற்றிய புராஜெக்டை டைப் செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். அதே கம்ப்யூட்டரில் நான் பிரவுசரைத் திறந்தேன். ஹேங் ஆயிடுச்சு. எத்தனை கிளிக் பண்ணியும் அசையல. பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணிட்டேன். அவள் டைப் செய்த நாலு பக்கத்தில் சேவ் பண்ணியிருந்த ஒரு பக்கம்தான் மிஞ்சியது. அவள் அழுததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

மாட்டிக்கொண்டது ஒரே ஒரு புரோகிராம். நான் நிறுத்தியதோ எல்லாவற்றையும்! என் அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறாங்க. ஒரு மெஷினில் நூல் சிக்கினால் அந்த மெஷினை மட்டும்தான் நிறுத்துவாங்களாம். அதுக்காக யாராவது மெயினை ஆஃப் பண்ணுவாங்களா?

கம்ப்யூட்டரிலும் அதற்கு வழி இருக்கு. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்தெந்த புரோகிராம் ஓடுது, எது எவ்வளவு மெமரி எடுக்குது என்று காட்டும். மாட்டிக்கொண்டதைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அது மட்டும் மூடும். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவ் பிளம்மர் என்பவர் வீட்டில் எழுதத் தொடங்கிய புரோகிராம் இது. 1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0-வுடன் வெளிவந்தது.

லினக்ஸில் இதே வேலையை 'சிஸ்டம் மானிட்டர்' செய்யும். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் என் அண்ணனுக்குக் கிடைத்த லேப்டாப்பில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். தெரிந்திருந்தும் அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டேன்.

"பசங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் கண்டதையும் மூடிடுவாங்களே" என்று ஆசிரியர்கள் பயப்படலாம். நியாயம்தான். பெயர் தெரியாத புரோசஸை மூடினால் கம்ப்யூட்டரே நின்றுவிடலாம். ஆனால் இது தெரியாதவர்கள் இப்போது பவர் பட்டனைத்தானே அழுத்துகிறோம்? அதில் நஷ்டம் இன்னும் அதிகம். எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு.

எனவே என் கருத்து இதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒரு அட்டை ஒட்டுவோம்:

1. ஒரு நிமிடம் பொறு.
2. டாஸ்க் மேனேஜரைத் திற.
3. மாட்டிக்கொண்டதை மட்டும் மூடு.
4. சந்தேகம் வந்தால் சாரைக் கூப்பிடு.

எண்ட் டாஸ்க் கொடுத்தாலும், மூடிய புரோகிராமில் சேவ் பண்ணாதது போய்விடும். அதனால் அடிக்கடி கண்ட்ரோல்-எஸ் அழுத்துங்கள்.

சார் அனுமதித்தால் எல்லா அட்டைகளையும் நானே எழுதித் தருகிறேன். தோழியின் மூன்று பக்கங்களையும் நானே டைப் செய்து கொடுத்துவிட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுகிறாள்!

பவர் பட்டன் கடைசி வழியாக இருக்கட்டும். சிந்திப்போம், செயல்படுவோம்!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு, மாதனூர்