குழந்தைகளின் காவலும் பொதுப் பணமும்

ஒரு சங்கத்தில் கையாடல் நேர்ந்த பின்னர் அதனை ஆராய்வதற்குச் சட்டத்தில் வழிகள் பல உள. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 81-ஆம் பிரிவின்படி விசாரணை நடத்தலாம். 87-ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை விதிக்கலாம். ஆயினும், போன பணம் முழுவதும் திரும்பி வருதல் அரிது என்பதை ஆய்வாளர் பணியில் இருப்போர் நன்கு அறிவர். ஆகவேதான் ரொக்க இருப்பைச் சரிபார்த்தல், சரக்கிருப்பை எண்ணிப் பார்த்தல், ஆண்டுதோறும் தணிக்கை செய்வித்தல் ஆகியவற்றை முன்கூட்டியே மேற்கொள்கிறோம். இவற்றுக்காகும் செலவை வீண் என்று அங்கத்தினர் எவரும் சொல்வதில்லை. பணத்தைக் காப்பதில் நாம் கைக்கொள்ளும் இந்த அறிவைக் குழந்தைகளைக் காப்பதிலும் கைக்கொள்ளுகிறோமா என்பதே ஈண்டு எழும் வினா.

குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை எங்கோ நகரங்களில் நிகழ்வது என்று எண்ணி ஆறுதல் அடைவதற்கு இடமில்லை. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விவரம் கேட்டு, 2007-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி மூவருள் இருவர் உடல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர். ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையை அனுபவித்ததாகக் கூறினர். தீங்கு செய்தோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதனை எவரிடமும் சொல்லவேயில்லை. அயலானுக்கு அஞ்சிக் கதவைத் தாழிடும் நாம், தாழிட்ட கதவுக்கு உள்ளேயும் தீங்கு இருக்கக்கூடும் என்பதை நினைப்பதில்லை.

சட்டத்திற்குக் குறைவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. குற்றம் நிகழ்ந்தது என்று அறிந்தவர் எவராயினும் அதனைத் தெரிவித்தாக வேண்டும் என்று அது விதிக்கிறது. தெரிவியாது மறைப்பதும் தண்டனைக்கு உரியது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக்குழுக்கள் இயங்குகின்றன. 1098 என்ற உதவித் தொலைபேசி உள்ளது. 2023 முதல் அரசே அதனை நடத்தி வருகிறது. சிற்றூர் தோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட திட்டமே.

இவையனைத்துக்கும் ஆதாரமான நிதி எவ்வளவு என்று பார்ப்போம். 'மிஷன் வாத்சல்யா' என்னும் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்திற்கு மத்திய அரசு 2025-26-ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை 1,500 கோடி ரூபாய். கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 18 வயதுக்கு உட்பட்டோர் ஏறத்தாழ 47 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால், ஒரு குழந்தைக்கு ஓர் ஆண்டிற்கு 32 ரூபாய் விழுகிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய, மாநிலப் பங்கு 60-க்கு 40 என்பது விதி. அந்த விகிதத்தில் மாநிலப் பங்கைச் சேர்த்தாலும் 53 ரூபாய்தான். இத்தொகைக்குள்ளேயே காப்பகங்கள், நலக்குழுக்கள், மாவட்ட அலகுகளின் ஊதியம், ஏழைக் குழந்தைகளுக்கான நிதியாதரவு அனைத்தும் அடங்க வேண்டும். இவற்றுள் பெரும்பகுதி தீங்கு நேர்ந்த பின்னர் ஆகும் செலவு. அது வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால் தீங்கு நேராமல் தடுக்கும் ஊர்ப்பணிக்கு மிஞ்சுவது யாது?

தடுப்புப்பணி என்பது சுவரொட்டி ஒட்டுவதன்று. தாயும் தந்தையும் தறியில் இருக்கையிலோ, அறுவடைக் காலத்தில் வயலுக்குச் சென்றுவிட்ட வேளையிலோ பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதை வீடு வீடாக அறிந்து வைத்திருத்தல், பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையைத் தேடிச் செல்லுதல், குடியாலும் கடனாலும் நிலைகுலைந்த குடும்பத்தைக் கண்டறிந்து உதவிக்கு வழிகாட்டுதல், தன்னைத் தொடலாகாத முறையில் ஒருவர் தொட்டால் யாரிடம் சொல்வது என்பதைச் சிறுவர் சிறுமியர் இருபாலார்க்கும் கற்பித்தல், இவையே தடுப்புப்பணி. இதனைப் பயிற்சி பெற்ற ஒருவர் மாதந்தோறும், ஆண்டுதோறும் இடைவிடாது செய்ய வேண்டும். ஊதியமும் பயிற்சியும் பயணப்படியும் இல்லாத குழு, பதிவேட்டில் மட்டுமே வாழும். கூட்டக் குறிப்பில் கையொப்பம் இருக்கும், கூட்டம் நடந்திராது. இத்தகைய பதிவேடுகளின் இயல்பு கூட்டுறவாளர்களுக்குப் புதிதன்று.

வறுமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை நெசவாளர் சமூகம் நன்கு அறியும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை நெய்கையில் கரைக்கான ஓடத்தை எறிய ஒரு துணையாள் வேண்டும். முன்னாளில் அவ்விடத்தில் அமர்ந்தோருள் பலர் சிறுவர்களே. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளை பிறர் தறியில் வேலை செய்யும் வழக்கமும் இருந்தது. குழந்தையின் உழைப்பை ஈடுவைப்பது செல்லாது என்று 1933-இலேயே சட்டம் பிறந்தது. ஆயினும் வழக்கம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அடியும் வசவும் தாங்கிய அப்பிள்ளைகளைச் சட்டப் புத்தகம் மட்டும் மீட்டுவிடவில்லை. குடும்பத்திற்கு வேறு கடன் வழியும், பிள்ளைக்குப் பள்ளியும், கண்காணிக்க ஆளும் கிடைத்த இடங்களிலேயே விடுதலை வந்தது. இன்று வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதியாதரவு உண்டு. கணவனை இழந்த ஒரு தாய் தன் பிள்ளையைப் பிறரிடம் ஒப்படைக்காமல் வளர்க்க அது போதிய துணையாகும். ஆனால் விண்ணப்பத்தை எழுதி, சான்றுகளைச் சேர்த்து, அலுவலகத்திற்குக் கொண்டு செல்ல ஊரில் ஒருவர் வேண்டாவா?

இது குடும்பத்தின் உள்விவகாரம். அரசு புகலாகாது என்பர் சிலர். குடும்பம் காக்கத் தவறும்போதும், குடும்பத்தாருள் ஒருவரே தீங்கு செய்யும்போதும், அக்குழந்தைக்கு ஊரன்றி வேறு யார் உளர்? மானம் கருதி மூடி வைப்பதால் காப்பாற்றப்படுவது குற்றவாளியே. குழந்தையின் பெயர் வெளிவராமல் காக்கவும் சட்டம் கட்டளையிட்டுள்ளது.

சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து நாமே செய்துகொள்ளலாமே என்பர் வேறு சிலர். எண்ணம் நல்லது. குழந்தைகள் காப்பறை ஒன்றுக்கோ, விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்கோ சங்கம் உதவுதல் முறையே. ஆயின் இலாபம் வந்த ஆண்டில் கொடுத்து, நட்டம் வந்த ஆண்டில் நிறுத்தப்படும் உதவியால் குழந்தையைக் காக்க இயலாது. நூல் விலை ஏறிய ஆண்டிலும், மழை பொய்த்த ஆண்டிலுந்தான் குடும்பங்களில் நெருக்கடி மிகுகிறது; அவ்வாண்டுகளில்தான் சங்கத்தின் கையும் சுருங்குகிறது. ஆகவே நிலையான பொறுப்பு பொதுப் பணத்தின் மீதே சார வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திற்கு வகுக்கப்பட்ட ஒன்பது கருப்பொருள்களுள் 'குழந்தை நேயக் கிராமம்' ஒன்று. அடுத்த கிராம சபையில் எழுந்து, அத்தலைப்பின்கீழ் இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்று கேளுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். இரண்டாவதாக, ஊர்க் குழுவுக்குப் பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும் பணியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சங்கப் பேரவையில் தீர்மானம் இயற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மூன்றாவதாக, 1098 என்ற எண்ணைச் சங்க அலுவலகத்தில், நூல் வழங்கும் இடத்தில், கொள்முதல் நிலையத்தில் எல்லோரும் காணுமாறு எழுதி வையுங்கள்.

தனியொரு நெசவாளியின் குரல் வணிகர் செவியில் ஏறாத காலத்தில், பலர் சேர்ந்து கேட்டதால் பிறந்தவை நம் சங்கங்கள். வாக்கும் இல்லாமல், சங்கமும் இல்லாமல் இருப்போர் குழந்தைகள். அவர்களுக்காகக் கேட்கும் கடமை, கேட்டுப் பெறக் கற்ற நமக்கே முதலில் உரியது.