விழிப்புணர்வுக் கூட்டம் போதாது

நீடித்த வளர்ச்சி இலக்குகளை எட்ட உழவர் மனம் மாறினால் போதும், நிறுவனங்கள் விழிப்புணர்வு ஊட்டினால் போதும் என்ற வாதத்தை ஏற்க முடியாது. சுருளிப்பட்டியின் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தால் காரணம் விளங்கும். மழை ஈரத்தில் இலையின் அடியில் வெண்பூஞ்சை படர்ந்தால், அடிச்சாம்பல் நோய் கொத்துகளையும் விட்டுவைக்காது. பன்னீர் திராட்சையோ பறித்தபின் அதிக நாள் தாங்காது. வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். இந்நிலையில் விழிப்புணர்வுக் கூட்டத்தில் சொல்வதுபோல் பூஞ்சை மருந்தைக் குறைத்து நட்டத்தை யாரை நம்பி ஏற்பார் உழவர்? 2023இல் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே என்பார்கள். நல்லதுதான், ஆனால் அது பெயரைக் காக்கும், விலையைக் காக்காது. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில் 12ஆவது, இரசாயனங்களைப் பொறுப்போடு கையாளச் சொல்வதோடு அறுவடைக்குப் பிந்தைய இழப்பைக் குறைக்கவும் சொல்கிறது. முன்னதை உழவர் தலையில் கட்டிவிட்டுப் பின்னதை மறப்பது அநியாயம். நிறுவனங்கள் முதலில் குளிர்பதன வசதியும் உறுதியான கொள்முதலும் தரட்டும்; பிறகு உழவரிடம் கணக்குக் கேட்கட்டும்.