எழுவாய் எங்கே?

செய்தித்தாள்கள் பக்கஞ் சார்ந்து எழுதுகின்றன என்னுங் குறை புதிதன்று. பொய் கூறும் ஏட்டை இனங்காண்பது எளிது. ஒரு பொய்யுங் கூறாது, சொல்லொன்றை மாற்றி வாசகரைத் தன்பாற் சாய்க்கும் ஏட்டை இனங்காண்பதே அரிது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. நமது இரணைமடுவே போதும்.

2009ஆம் ஆண்டு தை மாதம் 2ஆந் திகதி இலங்கைப் படையினர் கிளிநொச்சி நகரைக் கைப்பற்றினர். அம்மாதத்திலேயே இரணைமடு விமான ஓடுபாதையும் அவர்கள் வசமாயிற்று. அரசு சார்ந்த ஏடுகள் இவ்விடங்கள் 'விடுவிக்கப்பட்டன' என்றன. மறுதரப்பினர் தமது பின்வாங்கலைத் 'தந்திரோபாய நகர்வு' என்றனர். நிகழ்ச்சி ஒன்று, பெயர்கள் இரண்டு.

விடுவித்தல் நிகழ வேண்டுமாயின் விடுவிக்கப்படுவோர் இருத்தல் வேண்டுமன்றோ? அன்று கிளிநொச்சி நகர் வெறிச்சோடிக் கிடந்தது. குஞ்சு குருமனோடு மக்கள் தருமபுரம், விசுவமடு நோக்கி முன்னரே இடம்பெயர்ந்திருந்தனர். நாமும் அவ்வழி நடந்தோரே. மண் விடுவிக்கப்பட்டதென்ற தலைப்பில் அம்மண்ணின் மாந்தர்க்கு இடமில்லை. 'தந்திரோபாய நகர்வு' என்ற தொடரிலும் அவர்கட்கு இடமில்லை.

பின்னர், செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களில் மக்கள் அடைக்கப்பட்டனர். முள்வேலி இருந்தது, விரும்பியவாறு வெளியேற இசைவு இருக்கவில்லை. ஆயினும் அவை 'நலன்புரி நிலையங்கள்' என்றே எழுதப்பட்டன. நலம் என்னும் நல்ல சொல் வேலியை மறைத்துவிட்டது.

பிறர் குற்றமே காண்பது நடுநிலையாகாது. நம்மவர் நம்மவராற் கொல்லப்பட்ட காலத்தில், 'இனந்தெரியாதோர்' என்னுஞ் சொல் நம் ஏடுகளில் மலிந்திருந்தது. கொன்றவரை ஊரறியும், ஏடு அறியாது! சிலபோது, இறந்தவர்மேல் 'துரோகி' என்ற பட்டமும் ஏற்றப்பட்டது. எனினும் அக்காலத்துப் பத்திரிகையாளர் உயிரைக் கையிற் பிடித்து எழுதினர் என்பதையும் மறத்தலாகாது. 2006ஆம் ஆண்டு வைகாசி 2ஆந் திகதி யாழ்ப்பாணத்து உதயன் பணிமனையிற் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அச்சத்தாற் குறைந்த சொல்லை மன்னிக்கலாம். விருப்பத்தாற் சாய்த்த சொல்லை மன்னித்தல் அரிது.

சாயாத சொல் உலகில் உண்டோ எனச் சிலர் வினவுவர். முற்றிலுஞ் சாயாத சொல் இல்லாதிருக்கலாம். ஆயின், சாய்வை அளக்கும் கோல் நம் இலக்கணத்தில் உண்டு. 'விடுவிக்கப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. செய்தவன் அதில் மறைந்து நிற்கலாம். 'படையினர் நகரைக் கைப்பற்றினர்' என்பது செய்வினை. செய்தவர் யார், செய்தது யாது என்பன அதில் வெளிப்பட நிற்கின்றன. புகழும் இல்லை, பழியும் இல்லை.

இன்று நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர் 2009ஆம் ஆண்டைத் தாமே கண்டறியாதவர். அக்காலத்தைப் பழைய ஏடுகளினூடாகவே அவர்கள் கற்பர். ஆதலின் மாணவரை வேண்டுவது ஒன்றே: ஒரே நாளின் ஏடுகள் இரண்டை அருகருகே வைத்துப் படியுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் எழுவாய் எங்கே என்று வினவுங்கள். இடம்பெயர்ந்த மக்கள் அவ்வாக்கியத்தில் எங்கே என்றும் வினவுங்கள். எழுவாயையும் பயனிலையையும் நாம் கற்பிப்பது பரீட்சைப் புள்ளிக்காக மட்டுமன்று.