நலம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

ரத்தப் புற்றுநோயோடு குழந்தை வார்டில் படுத்திருக்கிறது. பழப்பையோடு கூட்டமாகப் போய், "என்னத்தக் குடுத்து வளர்த்தே?" என்று தாயைக் கேட்பதா நலம் விசாரிப்பு? பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்நோய் ஏன் வருகிறதென்று மருத்துவர்களுக்கே தெரியாது. அவள் என்ன குற்றம் செய்தாள்?

கீமோவில் வெள்ளையணுக்கள் குறையும். நம் சாதாரணச் சளியே குழந்தைக்கு ஆபத்து. வார்டுக்குப் போகாதீர்கள், ரத்த வங்கிக்குப் போங்கள். பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீடு சிகிச்சைச் செலவுக்குத்தான். தாய் இழக்கும் தினக்கூலிக்கு அல்ல. சிகிச்சையோ 2, 3 ஆண்டுகள் நீளும். வீட்டு வாடகையில் பங்கெடுங்கள். மூத்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள். அதைச் செய்தவர்கள் மட்டும் அவளுக்குப் புத்தி சொல்லலாம்.