பத்துப் பொருத்தம் வேணாம்... நாலு போதும்!



கல்யாணம்னா பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் நம்ம ஊர். ஆனா, கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும்போது மட்டும் எஸ்.எம்.பி.எஸ்-ஸுக்கும் மதர்போர்டுக்கும் ஒரு பொருத்தமும் பார்க்க மாட்டோம். 'எத்தனை வாட்ஸ்ணே?' - இதான் நம்ம ஒரே கேள்வி. '500'னு கடைக்கார அண்ணன் சொன்னதும் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிடுவோம். நானும் அப்படித்தான் ஏறினேன். பலனை அனுபவிச்சது என் ரூம்மேட்!

போன செமஸ்டர்ல அவன் கம்ப்யூட்டரோட எஸ்.எம்.பி.எஸ் மண்டையைப் போட்டுடுச்சு. 'விடு மச்சான், நான் பார்த்துக்கறேன்'னு (ட்ரிபிள்-இ படிக்கிற திமிரு!) ரிச்சி ஸ்ட்ரீட் போய், செகண்ட் ஹேண்ட்ல ஒரு மாடுலர் எஸ்.எம்.பி.எஸ் வாங்கிட்டு வந்தேன். மாடுலர்னா, கேபிளை எல்லாம் தனித்தனியா கழட்டி மாட்டுற டைப். ஹாஸ்டல் வந்து பார்த்தா, ஹார்டு டிஸ்க் கேபிளை மட்டும் காணோம். பக்கத்து ரூம்ல வேற கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்-ஸோட கேபிள் கிடந்துச்சு. மாட்டினேன். 'க்ளிக்'னு அழகா உட்கார்ந்துச்சு. ஸ்விட்சைப் போட்டேன்... லேசா கருகல் வாசனை. ஹார்டு டிஸ்க் காலி!

உள்ளே இருந்த மினி ப்ராஜெக்ட்டைத் திரும்பச் செஞ்சுக்கலாம். ஆனா, அவன் பாட்டி பேசின வீடியோ ஒண்ணும் அதுலதான் இருந்துச்சு. பாட்டி இப்போ இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டலை. அதுதான் இன்னும் உறுத்துது.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்லிடறேன். வாட்ஸ் கணக்கு முக்கியம்தான். ஆனா, இந்த நாலு பொருத்தமும் இல்லேன்னா எத்தனை வாட்ஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பொருத்தம் 1: பெரிய பிளக்

மதர்போர்டு ஓரத்துல நீளமா, ரெண்டு வரிசையில இருக்கிற சாக்கெட்தான் மெயின். ஏடிஎக்ஸ் போர்டுகள்ல ஆரம்பத்துல இதுக்கு 20 பின். 2003-ல வந்த ஸ்டாண்டர்டு அதை 24 ஆக்குச்சு. கூடுதலா வந்த நாலும் 12, 5, 3.3 வோல்ட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு, கிரவுண்டுக்கு ஒண்ணு. '20+4'னு பிரிக்கிற மாதிரி பிளக் இருந்தா, பழைய போர்டு, புது போர்டு ரெண்டுக்கும் ஓகே. வெறும் 20 பின்னை 24 சாக்கெட்ல சொருகினா உள்ளே போகும், சில சமயம் ஆன் ஆகவும் ஆகும். ஆனா, நாலு பேர் தூக்கற சுமையை மூணு பேர் தூக்கற கதைதான். லோடு ஏறினா பிளக் சூடாகும். இன்னொண்ணு, பெரிய கம்பெனிகளோட பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை சல்லிசா வாங்கறீங்கன்னா, முதல்ல மூடியைத் திறந்து பாருங்க. பல மாடல்கள்ல அவங்களே தனியா ஒரு பிளக் வெச்சிருப்பாங்க. கடையில கிடைக்கிற எஸ்.எம்.பி.எஸ் அதுல சேராது.

பொருத்தம் 2: ப்ராசஸர் பிளக்

'ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை' - ஹாஸ்டல்ல வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிற புலம்பல். பல நேரம் காரணம் சிம்பிள். ப்ராசஸர் பக்கத்துல இருக்கிற குட்டி சாக்கெட்டை மறந்திருப்பாங்க. ஃபேனுக்கு கரன்ட் பெரிய பிளக்ல இருந்து வந்துடும். ப்ராசஸருக்கு வர்றது இந்தத் தனி 12 வோல்ட் லைன்ல. பென்டியம் 4 வந்த 2000-ல இது 4 பின். இப்போ பெரும்பாலும் 8. உங்க எஸ்.எம்.பி.எஸ்-ல 4+4 இருக்கான்னு பாருங்க. போர்டுல 8 இருந்து, எஸ்.எம்.பி.எஸ்-ல 4 மட்டும்தான்னா, சின்ன ப்ராசஸருக்கு ஓடலாம். பெரிய ப்ராசஸருக்கு ரிஸ்க் எடுக்காதீங்க.

பொருத்தம் 3: கிராஃபிக்ஸ் கார்டு

கேமர்களே, கவனம்! கார்டுக்கு போர்டு ஸ்லாட் தர்றது 75 வாட்ஸ் வரைக்கும்தான். மிச்சம் தனி பிளக்ல வரணும். 6 பின்னுக்கு 75, 8 பின்னுக்கு 150 வாட்ஸ்.

இங்கேதான் வில்லன் என்ட்ரி. ப்ராசஸர் 8 பின்னும் கார்டு 8 பின்னும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஆனா, முன்னதுல நாலு 12 வோல்ட், நாலு கிரவுண்டு. பின்னதுல மூணு, அஞ்சு. இடமும் தலைகீழ்! மாத்தி அழுத்தினா நேரா ஷார்ட் சர்க்யூட். அடையாளம் ஈஸி: 4+4-ஆ பிரிஞ்சா ப்ராசஸருக்கு, 6+2-ஆ பிரிஞ்சா கார்டுக்கு. பலம் போட்டாத்தான் போகுதுன்னா, அது போக வேண்டிய இடமே இல்லை.

பொருத்தம் 4: ரஜ்ஜு

மத்ததெல்லாம் பொருந்தினாலும் ரஜ்ஜு தட்டினா கல்யாணம் வேண்டாம்பாங்க ஜோசியர்கள். ரஜ்ஜுன்னா கயிறு. நம்ம கேஸ்ல, கேபிள்! போர்டு பக்கமும் டிஸ்க் பக்கமும் இருக்கிற பிளக்குகளுக்குத்தான் பொது விதி உண்டு. மாடுலர் எஸ்.எம்.பி.எஸ்-ல, பெட்டிப் பக்கம் சொருகற முனைக்கு எந்த விதியும் கிடையாது. எந்த ஓட்டையில எந்த வோல்ட்டுங்கறது அந்தந்த கம்பெனி இஷ்டம். ஒரே கம்பெனியில மாடலுக்கு மாடல்கூட மாறும். நான் மாட்டின கேபிள்ல 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில 12 போயிருக்கு. டிஸ்க் பாவம், என்ன பண்ணும்?

அதனால செகண்ட் ஹேண்ட் மாடுலர் வாங்கினா, கேபிள் எல்லாம் இருக்கான்னு கடையிலயே எண்ணிப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும், அதே மாடலுக்கான கேபிள் கிடைக்கிற வரைக்கும் பொறுங்க. புதுசா மாத்தும்போது பழைய கேபிளைக் கழட்டாம விட்டுடலாம்னு சோம்பேறித்தனமும் வேண்டாம்.

'க்ளிக்'னு உட்கார்ந்தா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன் பாருங்க, அதான் என் தப்பு.

டேட்டா ரிக்கவரி அண்ணன்கிட்ட டிஸ்க்கைக் காட்டினோம். 'மேல இருக்கிற சர்க்யூட் போர்டுதான் எரிஞ்சிருக்கு தம்பி, உள்ளே இருக்கிறதை எடுத்துடலாம்'னார். அவர் சொன்ன ரேட், எங்க ரெண்டு மாச மெஸ் பில். இந்த காலத்துக்கு வர்ற சன்மானம் அந்த உண்டியலுக்குத்தான் போகுது. பாட்டி பேச ஆரம்பிச்சதும் உங்களுக்குச் சொல்றேன்!